‘டிரான்ஸ்கிரஸ்’ என்னும் சொல்லும் நமது ‘மீறுதலும்’

ஆங்கில விளக்கவுரைகளைக் கொண்டு பிரசங்கம் ஆயத்தம் செய்வோர் ‘டிரான்ஸ்கிரஸ்’ என்னும் வினைச்சொல்லை அடிக்கடி சந்திப்பர். ‘அப்பால்’, ‘அடியெடுத்து வைத்தல்’ என்னும் இரு இலத்தீன் சொற்கள் இணைந்து பிறந்தது அது. ‘எக்ஸீட்’ என்பதும் எல்லை கடத்தலே. ஆயினும் அது பெரும்பாலும் அளவைக் குறிக்கும். பெய்த மழை சராசரியை மிஞ்சினால் அது குற்றமன்று. ‘டிரான்ஸ்கிரஸ்’ என்பதற்கோ முன்னதாக ஒரு கட்டளை இருத்தல் வேண்டும். ரோமர் 4:15இல் பவுல் வாதிப்பதும் இதுவே. அங்குள்ள ‘பராபசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் அடி பிசகுவதையே காட்டும்.

எபிரெயம் இன்னும் ஆழமானது. 51ஆம் சங்கீதத்தில் ‘மீறுதல்’ என நாம் வாசிக்கும் ‘பேஷா’வின் வேர்ச்சொல்லே, 2 இராஜாக்கள் 8:20இல் ஏதோமியர் யூதாவுக்கு விரோதமாய்க் கலகம் செய்ததைக் கூறுகிறது. அங்கே கோடு மட்டுமன்று, உறவும் முறிகிறது.

நம் வழக்கிலுள்ள ‘வரம்பு’ வயலின் வரப்பேயாகும். வரப்பு தானாக முளைப்பதில்லை. அதை இட்டவர் யார்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலைக்கு உரியவர் யார் என்பதை அவை வரையறுக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இது பொதுப்பொருளைக் காத்த நல்வரம்பு. ஆனால் அதே சுவரில், கால்வேலி இறை நிலமும் வேதப் பயிற்சியும் தகுதிகளாக நிற்கின்றன. அது பிராமணர் சபை. ஏரிக்குக் கீழே உழுதவருக்கு அதில் ஓலை இல்லை. இரண்டும் ஒரே கல்லில் ஒரே எழுத்தில் வெட்டப்பட்டவை. பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

மத்தேயு 15:2, 3 வசனங்களை இவ்வெளிச்சத்தில் வாசிக்கலாம். சீஷர்கள் முன்னோரின் பாரம்பரியத்தை மீறுவதாகப் பரிசேயர் குறைகூறுகின்றனர். ஆண்டவரோ அதே வினைச்சொல்லைத் திருப்பி, அவர்கள் தேவ கற்பனையை மீறுவதை வினவுகிறார். தாய்தகப்பனுக்குரியதைக் காணிக்கை என்று சொல்லித் தடுத்ததே அவர் காட்டிய மீறுதல். சொல் ஒன்று, எல்லையிட்டவர் இருவர்.

நம் கிராமச் சபைகளில் ‘வரம்பு மீறிவிட்டான்’ என்னும் குற்றச்சாட்டு பெரும்பாலும் எவன்மேல் விழுகிறது? கடன்பத்திரத்தில் பொய்யெழுதியவன் மேலா, தெரு மாறி மணம் செய்தவன் மேலா? பின்னவனைப் பாவ அறிக்கைக்கு அழைக்குமுன் போதகர் தம் எபிரெய அகராதியை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம்.