சவரச் சோப்பு: உறையில் எழுதியிருப்பதும் நுரையில் தெரிவதும்

ஃபிக்ஹ் நூல்கள் பெரும்பாலும் தூய்மை பற்றிய இயலோடுதான் தொடங்குகின்றன. எந்த நீர் தூயது, எது தூய்மைப்படுத்தும், எது அசுத்தம் என்பன குறித்து நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஆயினும் அன்றாடம் முகத்தில் பூசும் ஒரு பொருளைக் கடையில் தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்ப்பது மணத்தையும் விலையையும் மட்டுமே. உறையில் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருப்பதைப் படிப்போர் சிலர். அவர்களிலும் பலர் பாதி புரிந்துகொண்டு முழுத் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அத்தகைய ஒரு தீர்ப்பினால்தான்.

திருச்சிராப்பள்ளி தில்லை நகரில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம் உண்டு. வளைகுடாவில் பணிபுரியும் அவ்வீட்டு இளைஞர் விடுமுறையில் வந்தபோது, தம் பெரியத்தாவுக்கு மூன்று சவரச் சோப்புகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றின் உறையில் ‘ஸ்டியரிக் அமிலம்’ என்றிருந்ததைக் கண்ட உறவினர் ஒருவர், அது பன்றிக் கொழுப்பு என்று உறுதிபடக் கூறிவிட்டார். பெரியவர் மூன்றையுமே தொடவில்லை. “நீ அறியாமல் வாங்கியிருப்பாய், தம்பி. உன்மேல் குற்றமில்லை. ஆனால் இவை நம் வீட்டில் இருக்க வேண்டாம்” என்றார். இளைஞரின் முகம் வாடிற்று. ஜும்ஆ தொழுகைக்குப் பின் இருவரும் அச்சோப்புகளை நம்மிடம் கொண்டுவந்தனர். ஒரு பரிசு குப்பைக்குச் செல்வதா, பயன்படுவதா என்பது மட்டுமன்று, அறியாத ஒன்றைப் பற்றி ஹராம் என்று சொல்லலாமா என்பதும் அங்கே வினாவாக நின்றது.

தாடி உள்ளவர்க்கும் உரியது

சவரச் சோப்பு தாடி மழிப்போர்க்கு மட்டுமே உரியது என்பது தவறான எண்ணம். மேற்சொன்ன பெரியவர் நீண்ட தாடி உடையவர். கழுத்தைச் சீர்செய்துகொள்ளவே சோப்பைப் பயன்படுத்துபவர். மீசையைக் கத்தரித்தல், அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குதல் ஆகியவை இயற்கை மரபைச் சார்ந்த தூய்மைகளாக நபிமொழிகளில் எண்ணப்படுகின்றன. இவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்ற வரையறையும் உண்டு. ஹஜ், உம்ரா நிறைவில் தலைமுடி மழிக்கப்படுகிறது. பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாளில் முடி இறக்கப்படுகிறது. ஆகவே இப்பொருளின் மூலங்களை அறிந்துகொள்ளும் தேவை எல்லோர்க்கும் உண்டு.

நுரை பிறக்கும் வகை

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் இரண்டு புதிய பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று சோப்பு, மற்றொன்று கிளிசரின். மூலப்பொருளான எண்ணெய் எண்ணெயாக நிற்பதில்லை. அதன் மூலக்கூறு உடைந்து வேறொன்றாகிவிடுகிறது. பின்னர் வரும் சட்ட விளக்கத்திற்கு அடிப்படை இதுவே.

‘அல்கலி’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் காரத்தின் பெயரே அரபுச் சொல்லான ‘அல்கலீ’ என்பதிலிருந்து வந்ததாகும். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அச்சொல் குறித்தது. பொட்டாசியத்தின் இலத்தீன் பெயரான ‘கலியம்’ என்பதும் அதே வேரினின்று பிறந்ததே. அச்சாம்பற்காரத்தையும் ஒலிவ எண்ணெயையும் கொண்டு நாப்லுஸ், ஹலப் நகரங்கள் நூற்றாண்டுகளாகச் சோப்புக் காய்ச்சின. அவ்விரு நகரங்களின் சோப்புக் கலையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றன.

குளியல் சோப்புக்குச் சோடியம் சார்ந்த காரம் ஏற்றது. கட்டி இறுகி நிற்கும். சவரச் சோப்புக்குப் பொட்டாசியம் சார்ந்த காரமும் வேண்டும். பொட்டாசியச் சோப்பு மென்மையானது, நீரில் எளிதில் கரைவது, தூரிகை பட்டவுடன் நுரைப்பது. நல்ல சவரச் சோப்பில் இவ்விரண்டும் கலந்திருக்கும்.

கொழுப்பின் வகையும் இதே அளவு முக்கியமானது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது பெரிய குமிழிகளாக விரைந்து நுரைக்கும், விரைந்தே அடங்கும், மிகுந்தால் தோலை வறளச் செய்யும். ஸ்டியரிக் அமிலமோ சிறிய, நெருங்கிய குமிழிகளைத் தரும். வெண்ணெய் போல் முகத்தில் நிற்கும். சவரத்திற்கு வேண்டியது பின்னதே. கத்தி வழுக்கிச் செல்வதற்கும், முடி நனைந்து மென்மையாக இருப்பதற்கும் அந்த அடர்த்தியே துணை. பாமாயிலில் ஸ்டியரிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்களவே உள்ளது. மாட்டுக் கொழுப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு. மேலை நாட்டார் கொழுப்புச் சோப்பைப் போற்றியதன் காரணம் இதுதான். நம் நாட்டு இலுப்பை எண்ணெயிலும் ஏறத்தாழ அதே அளவு ஸ்டியரிக் அமிலம் உண்டு என்பது கருதத்தக்கது. தாவர எண்ணெயாலும் சிறந்த சவரச் சோப்புச் செய்ய இயலும். குறையும் ஸ்டியரிக் அமிலத்தைத் தனியே சேர்த்தால் போதும்.

உறையைப் படிக்கும் முறை

இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ள பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். ஆகவே முதல் நான்கைந்து பெயர்களே சோப்பின் உடல். ‘பொட்டாசியம் ஸ்டியரேட்’, ‘ஸ்டியரிக் அமிலம்’ முதலியன தொடக்கத்தில் இருந்தால் அது சவரத்திற்கென்றே காய்ச்சிய சோப்பு. சோடியம் சோப்புகள் மட்டுமே இருந்தால் அது பெயர் மாற்றிய குளியல் சோப்பாக இருக்கக்கூடும்.

‘பாமேட்’ என்பது பனையினக் கனிச் சதையின் எண்ணெயான பாமாயிலைக் குறிக்கும். ‘கோக்கோவேட்’ தேங்காயெண்ணெய். ‘டாலோவேட்’ என்றால் மாடு, ஆடு முதலியவற்றின் கொழுப்பு. ‘லார்டேட்’ என்பதே பன்றிக் கொழுப்பு. ‘ஸ்டியரிக் அமிலம்’ என்ற பெயர் மட்டும் மூலத்தைச் சொல்வதில்லை. அது பாமாயிலிலிருந்தும் எடுக்கப்படுகிறது, விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பச்சைப் புள்ளியோ, ஹலால் முத்திரையோ, உற்பத்தியாளரின் விடையோதான் அதைத் தெளிவாக்கும்.

‘சீட்டைல் ஆல்கஹால்’, ‘ஸ்டியரைல் ஆல்கஹால்’ என்ற பெயர்களைக் கண்டு மருள்வோர் பலர். இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். போதை தருவன அல்ல. மது என்ற பொருளில் வரும் ஆல்கஹால் எத்தனால் ஆகும். அது சவரத்திற்குப் பின் தெளிக்கும் திரவங்களில் மிகுதியும் காணப்படுவது.

நம் நாட்டில் விலங்குக் கொழுப்பு பற்றிய ஐயம் புதிதன்று. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்த செய்தி நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியபோது, அதன் இறக்குமதியை நடுவண் அரசு தடை செய்தது. இன்று இந்தியச் சோப்புகளில் பாமாயில் சார்ந்த மூலங்களே பெருவழக்கு. இறக்குமதிச் சோப்புகளில்தான் உறையைக் கூர்ந்து படிக்க வேண்டியுள்ளது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கியில் தயாராகும் ஆர்கோ சவரக் குச்சியின் உறையில்கூட ‘டாலோவேட்’ என்ற சொல் நெடுங்காலம் இருந்துவந்தது. எனவே நாட்டின் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் பொருந்தாது.

இரு மத்ஹப்களின் பார்வை

இளைஞரின் மூன்று சோப்புகளில் இரண்டு பாமாயில் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றில்தான் ஸ்டியரிக் அமிலம் இருந்தது. மூன்றாவதின் உறையில் உண்மையாகவே ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தது. உறவினர் சுட்டிய சொல்லில் குற்றமில்லை. அவர் கவனியாத சொல்லில்தான் ஆய்வுக்கு இடமிருந்தது.

அசுத்தமான ஒன்று தன் இயல்பு முற்றும் மாறி வேறொன்றாவதை ‘இஸ்திஹாலா’ என்பர். உப்பளத்தில் வீழ்ந்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அவ்வுப்பு தூயது என்பது ஹனஃபி நூல்கள் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அசுத்தமான எண்ணெயிலிருந்து காய்ச்சிய சோப்பும் தூயதே என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்தைத் தழுவி ஹனஃபி அறிஞர்கள் தீர்ப்பு அளித்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபிலோ மாற்றத்தால் தூய்மையாதல் மிகக் குறுகிய எல்லைக்கு உட்பட்டது. தானே காடியாகும் மது, பதனிடப்பட்ட தோல் போன்ற சிலவே அதில் அடங்கும். எனவே முறைப்படி அறுக்கப்படாத விலங்கின் கொழுப்பாலான சோப்பைத் தவிர்ப்பதே அம்மத்ஹபின் நெறிக்கு இயைந்தது. 1995-இல் குவைத்தில் மருத்துவ அறிவியலுக்கான இஸ்லாமிய அமைப்பு கூட்டிய கருத்தரங்கு, அத்தகைய கொழுப்பு சோப்பாக மாறிவிட்டால் தூயதே என்னும் கருத்தை ஏற்றது.

தமிழகத்தில் இவ்விரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கின்றனர். திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் மிகுதி. ஒருவர் பயன்படுத்தும் சோப்பை மற்றவர் தவிர்ப்பது இயல்பே. அது சச்சரவுக்குரியதன்று. மூலம் தெரியாத ஸ்டியரிக் அமிலத்தைப் பொறுத்தவரையோ, உறுதியை ஐயம் நீக்காது என்னும் பொதுவிதியே வழிகாட்டுகிறது. பொருள்களின் அடிப்படை தூய்மை. அசுத்தம் என்று சொல்பவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

காவிரி நீரும் கிணற்று நீரும்

மூலங்கள் ஆகுமானவை என்பதனால் மட்டும் ஒரு சோப்பு நல்லதாகிவிடாது. அது தன் பணியைச் செய்ய வேண்டும். இங்கே சோப்புக்கு நிகராக நீரும் கருதத்தக்கது. திருச்சி மாநகராட்சி காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைகளிலிருந்து குடிநீர் எடுத்து வழங்குகிறது. அடுக்குமாடிகளில் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவாகிவிடுகின்றன. நுரையாக வேண்டியது கசடாக வீணாகிறது.

இதை எவரும் சோதிக்கலாம். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றில் காவிரி நீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் சம அளவு எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவல் இட்டுக் குலுக்க வேண்டும். நாம் அவ்வாறு செய்தபோது, கிணற்று நீர்க் குப்பியில் மெல்லிய நுரைக்குக் கீழே பால்போல் கலங்கல் நின்றது. ஆகவே ஒரு சோப்பைக் குறைகூறுமுன், ஒரு குவளை குடிநீரில் அதைச் சோதிப்பது நேர்மை. உறையில் ‘ஈடிடிஏ’ என்ற பொருள் இருந்தால் அது கால்சியத்தைப் பிணைத்துக் கடின நீரிலும் நுரை எழ உதவும்.

அடுத்து நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நுரை எத்தனை விரைவில் திரள்கிறது என்பது. இரண்டாவது, மின்விசிறியின் கீழ் பத்து நிமிடம் வறளாமல் நிற்கிறதா என்பது. நம் ஊர்க் கோடையில் இது கடுமையான தேர்வு. மூன்றாவது, நுரையை வழித்த இடத்தில் விரல் வழுக்குகிறதா என்பது; அவ்வழுக்கலே கத்தியிலிருந்து தோலைக் காப்பது. நான்காவது, கழுவியபின் தோல் இறுகி எரிகிறதா என்பது. நம் தோல் சற்றே அமிலத் தன்மையுடையது. சோப்போ காரத் தன்மையுடையது. கிளிசரின் மிகுந்த சோப்பு இவ்வெதிர்ப்பைத் தணிக்கும். எரிச்சலுக்கு நறுமணப் பொருளும் காரணமாகலாம். ஆதலால் புதிய சோப்பை முதலில் முன்கையின் உட்புறத்தில் பூசிப் பார்ப்பது நலம். எத்தகைய சோப்பாயினும், வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் முடியை நனைத்த பின்னரே அது முழுப்பயன் தரும். இறுதியில் நன்கு கழுவிவிட்டால் உளூவின் நீர் தோலைச் சேர்வதற்கும் தடையிராது.

மறந்துபோன தூரிகை

இவற்றையெல்லாம் பெரியவரிடம் விளக்கியபின், அவர் இதுவரை பயன்படுத்திவந்த கருவிகளைக் காண விரும்பினோம். இளைஞர் வீட்டிற்குச் சென்று எடுத்துவந்தார். முப்பதாண்டுகாலத் தூரிகை அது. கைப்பிடியில் மங்கிய எழுத்தில் ‘பியூர் பிரிசில்’ என்றிருந்தது. தூரிகை வணிகத்தில் அச்சொல் பன்றியின் மயிரையே குறிப்பது வழக்கம். செயற்கை இழையா, விலங்கு மயிரா என்றறிய ஓரிழையை எரித்துப் பார்க்கலாம். நைலான் உருகி மணியாகத் திரளும். மயிர் கருகித் தீய்ந்த இறகின் நாற்றம் எழும். அன்று எழுந்தது அந்நாற்றமே.

பன்றி மயிரைத் தோல் தைக்கும் தொழிலாளர்க்கு மட்டும் தேவை கருதி ஹனஃபி அறிஞர் சிலர் அனுமதித்தனர்; முகத்தில் நுரை தேய்க்க அச்சலுகை நீளாது. மாறாத அசுத்தம் முப்பதாண்டு கையில் இருந்திருக்கிறது. மாறிவிட்ட ஒன்றின் பெயரைக் கேட்டு வீடே கலங்கியிருக்கிறது. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அறியாமல் செய்ததற்கு அல்லாஹ் மன்னிப்பவன். அறியாமல் சொன்னதற்கு நான் இவனிடமல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்று தம்பி மகனின் தோளில் கைவைத்தார்.

தூரிகை அன்றே அகற்றப்பட்டது. தில்லை நகர்க் கடையில் செயற்கை இழைத் தூரிகை ஒன்று வாங்கப்பட்டது. இரண்டு சோப்புகளைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைப் பேணுதல் கருதித் தாம் பயன்படுத்தவில்லை. எனினும் பிறர்க்கு அது ஹராம் என்றும் சொல்லவில்லை. பேணுதல் தமக்கு, தீர்ப்பு ஆதாரத்திற்கு. இவ்வேறுபாட்டைக் காப்பதும் தூய்மையின் ஒரு கூறே. உறையைப் படிப்போம், நீரைச் சோதிப்போம், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்வோம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.