கைப்பிடி வைத்த கணினி நம் வீட்டுக்கு ஏற்றதா?

கணினி வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் விண்ணப்பத்துடன் இணைக்கும் விலைப்பட்டியலில், முன்பெல்லாம் இரண்டே வகைப் பொருள்கள் இருக்கும்: ஒன்று மடிக்கணினி, மற்றொன்று மேசைக்கணினி. இப்போது மூன்றாவதாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. பார்வைக்குச் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி போல இருக்கும். தொட்டால் இயங்கும் திரை. திரைக்குப் பின்னாலேயே கணினியின் எல்லா உறுப்புகளும் அடக்கம். உள்ளே பேட்டரியும் உண்டு. மேலே ஒரு கைப்பிடி. கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து படுக்கையறைக்கும் எடுத்துச் செல்லலாம் என்பது விற்பனையாளரின் வாக்கு. விலை ஒரு நல்ல மடிக்கணினியின் விலையைப்போல் இரு மடங்கு. வாங்கலாமா என்று நம்மிடமே கேட்கிறார்கள். கடன் தருவதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாதாகையால், இதுபற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகை புதியதன்று. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளியானபோது, விரலால் தொட்டு இயக்கும் கணினிகளின் காலம் பிறந்துவிட்டது என்று நிறுவனங்கள் நம்பின. சோனி நிறுவனம் 20 அங்குலத் திரையுடன் வயோ டேப் 20 என்ற கணினியைக் கொண்டுவந்தது. எடை ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு டெல் நிறுவனம் எக்ஸ்பிஎஸ் 18 என்ற, இரண்டேகால் கிலோவுக்கும் குறைந்த கணினியை விற்றது. லெனோவோவோ 27 அங்குல ஹொரைசனை மேசைமீது படுக்கவைத்துக் குடும்பமே சுற்றி அமர்ந்து விளையாடலாம் என்றது. அதற்கென்று தனிப் பகடைக்காயும் தந்தது. எச்பி நிறுவனத்தின் என்வி ரோவ் 20 என்பதும் அதே 2013-இல் வந்ததுதான். இவை எவையும் வீடுகளில் நிலைபெறவில்லை. பேட்டரி சில மணி நேரத்திலேயே தீர்ந்தது, எடை மிகுதி, அதே வேலையைச் செய்யக் கைக்கணினிகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தன. சோனி 2014-இல் தன் கணினித் தொழிலையே விற்றுவிட்டது. வாங்கியவர்களின் கதி என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2023-இல், எச்பி நிறுவனம் என்வி மூவ் என்ற பெயரில் அதே எண்ணத்தை மீண்டும் கையில் எடுத்தது. 23.8 அங்குலத் தொடுதிரை, ஏறத்தாழ 4.1 கிலோ எடை, 83 வாட்-மணி பேட்டரி, நான்கு மணி நேரம் வரை தாங்கும் என்ற உறுதி, தூக்கினால் தானே மடிந்துகொள்ளும் கால்கள், விசைப்பலகையைச் செருகிவைக்கப் பின்புறம் ஒரு பை. இந்தியாவில் அதன் விலை ஒன்றேகால் லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. இந்த வகைக் கணினியைப் பற்றிய கணக்குகளை எல்லாம் இதை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் சந்திரகிரிக்கு இடம்பெயர்தல் புதிதன்று என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1565-இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகர அரசர்கள் தலைநகரையே பெனுகொண்டாவுக்கும், அங்கிருந்து சந்திரகிரிக்கும், பிறகு வேலூருக்கும் பெயர்த்துச் சென்றவர்கள். ஆனால் அவர்களுக்குத் தூக்குவதற்கு ஆள் இருந்தது. மருமகனுடன் கிளைக்கு வந்த ஓர் அம்மையார் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறப்போறது யாரு சார்?" என்று கேட்டார். இந்தப் பொருளை எடைபோட அதைவிடச் சிறந்த கேள்வி எனக்குத் தெரியவில்லை.

4.1 கிலோ என்பது நான்கு லிட்டர் தண்ணீரின் எடை. இருபது அடி தூரம் தூக்குவது எளிது. ஆனால் இரண்டடி அகலக் கண்ணாடிப் பலகையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறந்து, படியேறுவது அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எளிதன்று. கீழே விழுந்தால் உடைவது ஓர் உறுப்பு மட்டுமன்று. திரையும் கணினியும் ஒன்றாகவே போகும். ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்: உங்கள் வீட்டில் கணினி அல்லது பெரிய திரை எந்தெந்த அறையில், எந்த நேரத்தில், யாருக்குத் தேவைப்படுகிறது? இரண்டு அறைகளுக்கு மேல் அது நகராது என்று தெரிந்தால், கைப்பிடிக்காக நாம் தரும் பணம் வீண். ஓரிடத்திலேயே நிற்கும் ஆல்-இன்-ஒன் கணினி கணிசமான அளவு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

பேட்டரிக் கணக்கும் எளியதே. 83 வாட்-மணி கொண்ட பேட்டரி, மணிக்கு 20 வாட் மின்சாரம் செலவானால் நான்கு மணி நேரம் வரும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, காணொளி அழைப்பில் அமர்ந்தால் செலவு 30 வாட்டைத் தொடும். அப்போது மூன்று மணி நேரமும் எட்டாது. சித்திரை, வைகாசியில் மின்தடை நேரும் நம் பகுதியில் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. மேசைக்கணினிக்கு யுபிஎஸ் தனியாக வாங்கவேண்டும், இதற்கு வேண்டாம். ஆனால் மடிக்கணினிக்கும் வேண்டாம் என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை.

தொடுதிரையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திக்கவேண்டும். நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை நீட்டி நீட்டித் தொட்டால் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். கைப்பேசியில் வராத இந்த வலி பெரிய திரையில் வருவதற்குக் காரணம், முழங்கைக்குத் தாங்கல் இல்லாமையே. எனவே கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் தொடுதிரையை நம்பக்கூடாது. விசைப்பலகையும் சுட்டெலியும் கட்டாயம் வேண்டும். தொடுதிரை உதவுவது வேறு இடங்களில்: வெளிநாட்டிலிருக்கும் பேரனின் அழைப்பை ஏற்க, சமையல் குறிப்பை நகர்த்த, மூன்றாம் வகுப்புக் குழந்தை படம் வரைய. கண்புரை அறுவைக்குப் பின் கைப்பேசியின் சிறு எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு 24 அங்குலத் திரையில் விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது உண்மையான வசதி. இந்த ஒரு காரணத்துக்காக வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை.

கடையில் பார்க்கும்போது வெயில் நேரத்தில் பாருங்கள். தொடுதிரைகளில் பல பளபளப்பானவை, சன்னல் எதிரே வைத்தால் முகம்தான் தெரியும். தரையில் பாய் விரித்து அமர்ந்து பார்ப்பது நம் வழக்கமாயிற்றே. திரை பின்னோக்கி எவ்வளவு சாயும் என்பதை அமர்ந்தே சோதியுங்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் வாழும் சித்தூர், திருப்பதிப் பகுதிக் குடும்பங்கள் மூன்று விசைமுறைகளையும் கடையிலேயே நிறுவித் தட்டிப் பார்ப்பது நல்லது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைமுறை அண்மைக்கால விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

யாருக்கு இது வேண்டாம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு விடுதிக்குப் போகவிருக்கும் மாணவருக்கு வேண்டாம். அவருக்கு ஒன்றரைக் கிலோ மடிக்கணினியே துணை. கடையில் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவருக்கும் வேண்டாம். அவருக்குத் தேவை எண்விசைகள் தனியாக உள்ள நல்ல விசைப்பலகையும், அச்சுப்பொறியையும் பென்டிரைவையும் ஒருசேரச் செருகப் போதுமான துளைகளும். பெங்களூரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் மகனோ மகளோ பெரும்பாலும் அலுவலக மடிக்கணினி வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு 24 அங்குலத் திரை வாங்கி இணைத்தால் போதும். மடிக்கணினியும் திரையும் சேர்த்தே இதன் விலையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று மிஞ்சும். மூன்று தலைமுறையும் ஒரே கூரையின்கீழ் வாழும், ஏற்கெனவே ஒரு மடிக்கணினி உள்ள, கையில் உபரிப் பணம் உள்ள குடும்பத்துக்கே இது பொருந்தும். அத்தகைய குடும்பங்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை.

இனி, பழைய கணினிகளின் கதைக்கு வருகிறேன். 2012, 2013-இல் வந்த அந்தப் பெரிய தொடுதிரைக் கணினிகள் இன்று புதுப்பிக்கப்பட்டவை என்ற பெயரில் மலிவாக விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றின் செயலி விண்டோஸ் 11-இன் குறைந்தபட்சத் தகுதிக்கு எட்டாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னே பணப்பெட்டியை வைப்பதற்குச் சமம். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விலைக்கு வாங்காதீர்கள். மேசைக்கணினியாக இருந்தால் உள்ளுறுப்பை மட்டும் மாற்றித் திரையைக் காப்பாற்றலாம். ஓருடலாக அமைந்த கணினியில் அது இயலாது. புதியது வாங்கும்போதும் இதே காரணத்தால் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியுமா? வெளியிலிருந்து வேறொரு கருவியின் படத்தை இந்தத் திரையில் காட்ட உள்வரும் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? அந்தத் துளை இருந்தால், கணினி மூப்படைந்த பின்னும் திரை பயன்படும்.

பழுதுபார்ப்பைப் பற்றி: வீட்டுக்கே வந்து பார்க்கும் உத்தரவாதம் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். திருப்பதி நமக்குப் பக்கம்தான். ஆனால் உதிரி உறுப்பு சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வரவேண்டுமானால் நாள்கள் ஓடும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி கணினியிலும் மின்னூட்டியிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் மிகுதி. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. நடைமுறையில் நடப்பது இதுதான். 1,25,000 ரூபாய்ப் பொருளுக்குக் கடன் அட்டையில் 12 தவணை, ஆண்டு வட்டி 15 விழுக்காடு என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் வட்டிக்கு ஈடான சுமார் 9,590 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்து, 1,15,410 ரூபாயைக் கடனாகப் பதிவார். நீங்கள் மாதம் 10,417 ரூபாய் வீதம் 1,25,000 கட்டுவீர்கள். ஆனால் அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது சுமார் 1,726 ரூபாய், உங்கள் கணக்கில் ஏறும். நடைமுறைக் கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். அதைவிட முக்கியம், ரொக்கமாகத் தருகிறவருக்கு அந்த 9,590 ரூபாய் தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்பது. கிடைக்குமானால், வட்டியில்லாத் தவணை எடுப்பவர் வட்டி கட்டுகிறார் என்றே பொருள். தள்ளுபடி ஏதுமின்றி முழுத் தொகைக்கும் அதே வட்டியில் கடன் எடுத்தால் தவணை 11,282 ரூபாய். ஆண்டு முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் 1,35,387. எந்தக் கடனாயினும் முதன்மை விவர அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு இருக்கும். மற்ற எண்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூடத்தில் வைக்கும் பெரிய திரைக்கு மற்றோர் இயல்பு உண்டு: எல்லோரும் பார்ப்பார்கள். விருந்தினர் இருக்கையில் கணக்கின் இருப்பைத் திறக்காதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பயனர் கணக்குகளை உருவாக்குங்கள். குழந்தைகளின் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை வேண்டாம். கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். யாரேனும் தொலைபேசியில் அழைத்துத் திரையைப் பகிரச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வங்கி ஒருபோதும் அப்படிக் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, கிளைக்கும் தெரிவியுங்கள்.

கல்விக் கடனைப் பற்றி ஒரு குறிப்பு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கக் கணினி தேவை என்றால் நியாயமான விலையுள்ள கணினியின் செலவையும் கடனில் சேர்க்கலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவும் உண்டு. நியாயமான விலை என்ற சொல்லைக் கவனிக்கவும்: ஒன்றேகால் லட்சத்துக்குக் கைப்பிடி வைத்த கணினியின் விலைப்பட்டியலை இணைத்தால், மேலாளர் அதைப் படித்துவிட்டு மடிக்கணினியின் விலைப்பட்டியலைக் கேட்பார். சேர்க்கை ஆணை, கல்லூரியின் கட்டண விவரம், பாடத்துக்குக் கணினி தேவை என்ற துறையின் கடிதம் ஆகியவற்றுடன், விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட விலைப்பட்டியலையும் சேர்க்கைக்கு முன்பே கிளையில் கொடுங்கள். கடன் அனுமதியான பின் கணினியை மட்டும் தனியாகச் சேர்க்கக் கேட்டு வந்தால், விண்ணப்பத்தை மீண்டும் முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டியிருக்கும்.