தொழிலும் வயதும்

படிக்குங்காலத்திலேயே மரிக்கும் மாணவரின் சராசரி வயது ஏறக்குறைய இருபது எனவும், பென்ஷன் பெற்ற ஆசிரியருள் மரிப்போரின் சராசரி வயது ஏறக்குறைய எழுபது எனவும் கண்ட ஒருவர், கல்வி கற்றலே ஆயுளைக் குறைக்கும் தொழில் என முடிவு கட்டுவாராயின் நாம் நகைப்போம். மாணவருள் முதியோர் இலர். ஆதலின் முதுமையில் மரிப்போரும் இலர். ஆயினும், தொழில்களால் விளையும் நோய்களை ஆராயுமிடத்து இத்தகைய பிழை கற்றோரிடத்தும் எளிதிற் புகுந்துவிடுகின்றது.

உதாரணமாக, 2,000 பேர் வீதம் வேலை செய்யும் இரண்டு ஆலைகளைக் கற்பனை செய்வோம். முதலாவதில் வாலிபர் 1,800 பேர், முதியோர் 200 பேர். இரண்டாவதில் இருதிறத்தாரும் ஆயிரவர். ஓராண்டில் முதலாவதில் வாலிபர் 18 பேரும் முதியோர் 8 பேருமாக 26 பேர் மரித்தனர். இரண்டாவதில் வாலிபர் 5 பேரும் முதியோர் 25 பேருமாக 30 பேர் மரித்தனர். மொத்தத்தை மாத்திரம் நோக்கின் முதலாவதே நலமுடையதெனத் தோன்றும். வயதுவாரியாகப் பிரித்தாலோ, அங்கு ஆயிரம் வாலிபருக்குப் பதின்மரும், ஆயிரம் முதியோருக்கு நாற்பதின்மரும் மரிக்கின்றனர். மற்றதில் முறையே ஐவரும் இருபத்தைவருமே. ஆகவே, இருதிறத்தாருக்கும் முதல் ஆலையே கொடியதாகும்.

இவ்வுண்மையை உணர்ந்த வில்லியம் பார் என்னும் அறிஞர், 1851-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குடிக்கணக்கைக் கொண்டு, பல தொழிலாளரின் மரணங்களை வயதுவாரியாக வகுத்து ஆராய்ந்தார். அவ்வழியே வந்த ரிச்சர்ட் டால் என்பார், கல்நார் ஆலையொன்றில் இருபதாண்டுகளுக்குக் குறையாது உழைத்த 113 பேரைப் பற்றிய ஆராய்ச்சியை 1955-இல் வெளியிட்டார். ஒவ்வொரு வயதிலும் அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளை அவ்வவ்வயதினர்க்குரிய நாட்டு மரண விகிதத்தாற் பெருக்கிக் கூட்டினால், எதிர்பார்க்கத்தக்க மரணத்தொகை கிடைக்கும். அது 15.4; நிகழ்ந்தவையோ 39. நுரையீரற் புற்றுநோயால் எதிர்பார்க்கத்தக்கது 0.8, நிகழ்ந்தவை 11. முதுமையே இதற்குக் காரணமென்று எவரும் இனிச் சொல்லவியலாது.

ஆயினும் வயதொன்றே போதுமென்று நாம் அமைதல் கூடாது. கடுந்தொழிலிற் புகுவோர் பெரும்பாலும் திடகாத்திரர். நோயுற்றோர் அதனின்று விலகிவிடுவர். ஆகையால், தீய தொழிலும் பொதுஜனங்களோடு ஒப்பிடுமிடத்துத் தீங்கற்றதாய்த் தோன்றக்கூடும்.

இவையெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டல்ல. கணக்குப் பிழைபடின், நச்சுத்தூசி நிறைந்த ஆலைக்கு நற்சான்று கிடைக்கும். மாண்டவன் மனைவிக்கு நஷ்டஈடு கிடையாது போம். ஆதலின், யாதேனும் ஒரு தொழில் நலமுடையதென்று யாரேனும் கூறக் கேட்பின், "அங்கு உழைப்போரின் வயது யாது?" என்று முதற்கண் வினவுவோமாக.