கேட்டுத் திருத்தும் செல்போன்

கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறுகிற ஒரு கல்லூரி மாணவர், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். சினிமாப் பாட்டு என்றுதானே நினைப்பீர்கள்? குர்ஆன் பாடமாகவும் இருக்கலாம்!

குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவரை ஹாஃபிழ் என்பார்கள். மதரஸாவில் ஆசிரியரான ஹஜ்ரத் எதிரே உட்கார்ந்து ஒப்பித்தால்தான் தப்பு தெரியும் என்ற காலம் போய், இப்போது செல்போனும் காது கொடுத்துக் கேட்கிறது. தர்தீல் என்று ஒரு செயலி. 2018-ல் அமெரிக்காவில் ஹேக்கத்தான் எனும் ஒரு மென்பொருள் போட்டியில் முளைத்தது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் குரலில் ஓதி அனுப்பிய பதிவுகள்தான் அதற்கு ஆரம்பப் பாடம். திரையில் வசனங்களை மறைத்துவிட்டு ஓதினால், ஓத ஓத ஒவ்வொரு சொல்லாகத் தோன்றும். ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்!

குர்ஆன் மனப்பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மனனம் செய்பவருக்கு வசனம் மட்டுமல்ல, பக்கத்தில் அது மேலே இருந்ததா, கீழ் மூலையில் இருந்ததா என்பதும் சேர்ந்தே மனதில் பதியும். அதனால்தான், ‘கடைசிவரை ஒரே பிரதியிலேயே ஓதுங்கப்பா’ என்பார்கள் ஆசிரியர்கள். அது தெரிந்துதான், பல செயலிகள் அச்சுப் பக்கத்தை ஒரு வரிகூட மாறாமல் திரையில் காட்டுகின்றன.

ஆனால், உச்சரிப்பில் நாக்கு எங்கே படவேண்டும், எழுத்து தொண்டையில் எங்கிருந்து வரவேண்டும்? அதற்குப் பலர் இன்னமும் ஹஜ்ரத்தைத்தான் தேடிப் போகிறார்கள்.