பந்தயத்துக்கு மறுபடி படகை இறக்கும் முன்

பிரிட்டனின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் உள்ள பாய்மரப் படகு கிளப்புகளுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமைகள் மீண்டும் கைக்கு வந்திருக்கும். சுக்கானைத் தொட்டதும் உடம்புக்குப் பழைய பழக்கம் வந்துவிடும். அந்தத் துணிச்சலை நம்பி நேரே தொடக்கக் கோட்டுக்குப் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது சட்டத்தின் கண்ணில் எவ்வளவு கனமான காரியம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

1894-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் நடந்த போட்டியில் 'சதானிட்டா' என்ற படகு, டன்ரேவன் பிரபுவின் 'வால்கிரி'யில் மோதி அதை மூழ்கடித்தது. கப்பல் சட்டப்படி டன்னுக்கு 8 பவுண்டு கொடுத்தால் போதும் என்று வாதாடினார் மோதிய படகின் சொந்தக்காரர். 1897-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று போட்டியில் சேர்கிறவர்கள் கிளப்போடு மட்டுமல்ல, ஒருவரோடு ஒருவரும் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அந்த விதிகள் சொன்னபடி சேதம் முழுவதையும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

ஆகவே முதலில் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கு 20 அல்லது 30 லட்சம் பவுண்டு காப்பு வேண்டும் என்று பல கிளப்புகள் கேட்கின்றன. அதோடு முடியவில்லை. பந்தயத்தில் முறியும் பாய்மரத்துக்கும் கிழியும் பாய்க்கும் சில பத்திரங்களில் காப்பு கிடையாது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இரவல் படகு என்றால் யாருடைய காப்பீடு செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் மூச்சு நம் வசத்தில் இருக்காது. பிரிட்டன் கடலின் சராசரி வெப்பமே ஏறக்குறைய 12 டிகிரிதான். கவிழ்ந்தவுடன் நீந்தப் பார்க்காமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுக்கச் சொல்கிறது ஆர்.என்.எல்.ஐ. மீட்புச் சங்கம். பிறகு படகைப் பற்றிக்கொள்ளுங்கள். விட்டு விலக வேண்டாம். பழைய மிதவை அங்கியின் நுரை நைந்திருக்கும், உங்கள் உடம்பும் அதே அளவில் இருக்காது. அதை மாட்டிக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் மிதந்து பாருங்கள். மீட்புப் படகு பக்கத்தில் இருக்கும் நாளில், பந்தயத்துக்கு முன்பே ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகிவிடுங்கள். கம்பியில் தொங்கிச் செல்லும் டிராபீஸ் படகானால், சட்டென்று கழற்றக்கூடிய கொக்கி உள்ள இடைவாரையே 2023 முதல் பந்தய விதி கேட்கிறது. கவிழ்ந்த படகுக்கு அடியில் கொக்கி சிக்கி உயிர்போன கொடுமைகளின் விளைவு அது.

பூம் (பாயின் அடியைத் தாங்கும் கட்டை) தலையில் அடித்துவிட்டால் 'ஒன்றுமில்லை' என்று அடுத்த சுற்றுக்குப் போகவே கூடாது. தலையதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே கரையேற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடமோ 111 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ பேச வேண்டும். போட்டிக்குத் திரும்ப குறைந்தது 21 நாள் ஆகும் என்கின்றன 2023-இல் வெளியான பிரிட்டன் வழிகாட்டு நெறிகள். காற்று மிஞ்சினால் இறங்காமல் இருப்பதும் பாதியில் திரும்புவதும் உங்கள் உரிமை. கிளப் பந்தயத்தை நடத்துகிறது என்பதாலேயே நீங்கள் போகலாம் என்று பொருளில்லை. கலந்துகொள்ளும் முடிவு படகினுடையது மட்டுமே என்று பாய்மரப் பந்தய விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது.

அந்தப் புத்தகம் 4 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. இப்போது நடப்பது 2025–2028 பதிப்பு. சென்னைத் துறைமுகத்தில் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் வரை உலகெங்கும் இதே விதிகள்தான். 2009-க்கு முன் விலகியவருக்கு பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றி வழிவிடும் விதி செல்லும் வட்டம் இரண்டு படகு நீளம் என்றே நினைவிருக்கும், இன்று மூன்று. உங்கள் விதிமீறலென்றால் உடனே இரண்டு சுற்றுச் சுற்றிக் கணக்கைத் தீர்க்கலாம். மிதவையைத் தொட்டதற்கு ஒரு சுற்று. பெரிய சேதமோ காயமோ ஏற்படுத்தியிருந்தால் விலகியே ஆக வேண்டும்.

தவறு மற்றவருடையது என்றால் அங்கேயே 'புரோட்டெஸ்ட்' என்று உரக்கச் சொல்லுங்கள். 6 மீட்டருக்குக் குறைந்த படகுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை. கரையேறியதும் எழுதிக் கொடுங்கள். கிளப் வேறு நேரம் குறிக்காவிட்டால் கடைசிப் படகு முடித்து 2 மணி நேரம் வரை அவகாசம். புதிதாகத் திரும்பியவர்கள் கூச்சத்தால் இதை விட்டுவிடுகிறார்கள்; விடாதீர்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவப் போய் உங்கள் இடம் பறிபோனாலும் நிவாரணம் கேட்கலாம். நடுவர் குழு உங்கள் புள்ளியைச் சரிசெய்ய முடியும். உதவுவது புத்தகத்தின் முதல் விதி. அதனால் கவிழ்ந்து கிடப்பவரைக் கண்டால் பந்தயத்தை விட்டுத் திரும்புங்கள். போன நேரத்தையும் அப்போது உங்களுக்கு இருந்த இடத்தையும் மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.