பழைய படம் போக்கிய பயம்!



சூரியனைக் கோள்கள் மட்டுமா சுற்றுகின்றன? லட்சக்கணக்கான பாறைகளும் சுற்றி வருகின்றன. இவற்றைக் 'குறுங்கோள்கள்' என்கிறோம். சில குறுங்கோள்கள் பூமிக்குப் பக்கத்திலும் வந்து போகும். அவற்றில் ஒன்றுதான் அபோபிஸ். பழங்கால எகிப்தியர் கதைகளில் சூரியனுக்குப் பகையான இருட்டுப் பாம்பின் பெயர் இது!

2004 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிட் பீக் வானாய்வகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். குறுக்களவு சுமார் 340 மீட்டர். பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்தைப் படுக்க வைத்தால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு!

இரண்டு இரவுகள் தெரிந்த பாறை, பிறகு கண்ணில் படவில்லை. டிசம்பரில் மீண்டும் அகப்பட்டது. அதன் பாதையைக் கணக்குப் போட்ட விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோதக்கூடும் என்று விடை வந்தது! டிசம்பர் 27 அன்று அந்த வாய்ப்பு 37-இல் 1 என்ற அளவுக்கு உயர்ந்தது. அதாவது, 37 சீட்டுகளைக் குலுக்கிப் போட்டால் ஒரு சீட்டில் ஆபத்து! நம் கரைகளைச் சுனாமி தாக்கியதற்கு மறுநாள் அது. அந்தத் துயரத்தில் இந்தச் செய்தி பலர் காதில் விழவே இல்லை.

அன்றே விடையும் கிடைத்தது. எப்படித் தெரியுமா? அதே ஆண்டு மார்ச் மாதத்தில் எடுத்த பழைய வானப் படங்களைத் தேடிப் பார்த்தார்கள். அவற்றில் மங்கலான புள்ளியாக அபோபிஸ் இருந்தது!

மட்டையில் பட்டுக் கிளம்பிய நொடியிலேயே பந்து எங்கே விழும் என்று சொல்ல முடியுமா? கொஞ்ச தூரம் பறப்பதைப் பார்த்தால் சொல்லிவிடலாம். அதுபோல, பழைய புள்ளியும் சேர்ந்ததும் பாதை தெளிவானது. 2029-இல் மோதாது என்று உறுதியானது. 2021 மார்ச்சில் ரேடார் மூலம் அளந்தபோது, இன்னும் 100 ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்பதும் தெரிந்தது.

2029-இல் அபோபிஸ் சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் நம்மைக் கடக்கும். நிலா இருக்கும் தூரத்தில் இது பன்னிரண்டில் ஒரு பங்குதான். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள்கூட இதைவிட உயரத்தில், சுமார் 36,000 கிலோமீட்டரில் சுற்றுகின்றன! ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா மக்கள் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மிக அருகில் வரும் நேரம், நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3 மணிக்குச் சற்றுப் பின். அன்று நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு!

குழந்தைகளே, 'உலகம் அழியப் போகிறது' என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 'எப்படி அளந்தார்கள்? மறுபடி சரிபார்த்தார்களா?' என்று கேளுங்கள். கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது பரீட்சைக்கு மட்டுமல்ல, பயத்துக்கும் நல்ல மருந்து!