பிராணவாயுவுக்குக் கட்சி உண்டோ?

கொள்ளைநோய் ஒரு நாட்டினுள் புகும்போது மாநில எல்லைகளை மதிப்பதில்லை. யார் எக்கட்சிக்கு வாக்களித்தார் என்று கேட்பதுமில்லை. ஆனால் அதனை எதிர்க்கப் புறப்படும் மனிதரோ பலவேளைகளில் தத்தம் கட்சிக் கொடியைச் சுமந்துகொண்டே புறப்படுகின்றனர். அதற்கான விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் ஏழை எளியோரே. இவ்வுண்மையை உணர்ந்துகொள்ள, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பிரேசில் நாட்டில் நிகழ்ந்தவற்றை நாம் சற்றே சிந்திப்போம். உலகிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது என்பதால், அங்குற்ற துன்பம் நம் குடும்பத்தார் உற்ற துன்பமே ஆகும்.

பிரேசில் 26 மாநிலங்களும் ஒரு தலைநகர் மாவட்டமும் கொண்ட கூட்டாட்சி நாடு. அங்கே மாநில ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் நாட்டு முதலமைச்சருக்கு நிகரானவர். 1988ஆம் ஆண்டின் அரசியல் சாசனம், உடல்நலம் பேணப்பெறுவது எல்லாருடைய உரிமை, அதனைப் பேணுவது அரசின் கடமை என்று வகுத்துள்ளது. அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவம் அளிக்கும் பொதுச் சுகாதார அமைப்பும், 1973 முதல் நடந்துவரும் தேசியத் தடுப்பூசித் திட்டமும் அங்கு உண்டு. எனவே அறிவுக்கும் அனுபவத்துக்கும் அங்கே குறைவிருக்கவில்லை. குறைவாயிருந்தது ஒற்றுமையே.

2020 மார்ச் 24 அன்று குடியரசுத் தலைவர் சயீர் பொல்சொனாரோ தொலைக்காட்சியில் பேசுகையில், தமக்கு இந்நோய் வந்தால் அது சிறு காய்ச்சல் போன்றதாகவே இருக்கும் என்றார். பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டதைக் கண்டித்தார். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்போர் என் செய்வர் என்ற கவலை பொய்யான கவலையன்று. எனினும், நோயும் பசியும் ஒருங்கே தாக்கும்போது இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பதுதானே அரசு? அவ்வாறின்றி, கடையடைப்பு ஆளுநர்களின் கட்சியாகவும், கடைதிறப்பு தலைவரின் கட்சியாகவும் ஆயின. மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் தத்தம் எல்லைக்குள் கட்டுப்பாடுகள் விதிக்க அதிகாரம் உண்டென ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே மத்திய சுகாதார அமைச்சர் நீக்கப்பட்டார். அடுத்து வந்தவர் ஒரு மாதம் நிறையுமுன் விலகினார். அவருக்குப் பின் இராணுவத் தளபதி ஒருவர் அப்பொறுப்பில் அமர்ந்தார்.

தலைவர்களின் பிளவு மக்களின் வீடுகளிலும் புகுந்தது. கைத்தொலைபேசிகளின் நடமாட்டத்தைக் கொண்டு ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், தலைவரின் பேச்சுக்களுக்குப் பின்னர் அவருக்கு ஆதரவு மிகுந்த ஊர்களில் மக்கள் வீட்டில் தங்குவது மற்ற ஊர்களைவிடக் குறைந்தது எனக் கண்டனர். முகக்கவசமும் தடுப்பூசியும் மருந்துப் பொருள்கள் என்ற நிலை மாறி, அரசியல் அடையாளங்களாயின.

எதிர்த்தரப்பினர் எல்லாரும் குற்றமற்றவர் என நாம் கூறவில்லை. வடகிழக்கிலுள்ள ஒன்பது மாநிலங்கள் ஒன்றுகூடி அறிவியலார் குழு ஒன்றை அமைத்தது பாராட்டுக்குரியதே. ஆயின் அதே கூட்டமைப்பு 300 சுவாசக் கருவிகளுக்கு முன்பணம் செலுத்தி, ஒன்றையேனும் பெறாது ஏமாந்தது. ரியோ டி ஜெனீரோ மாநில ஆளுநர், நோய்க்காலச் செலவினங்களில் ஊழல் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 2021இல் பதவி இழந்தார். பாவத்திற்கு ஒரு கட்சியே சொந்தமன்று.

தடுப்பூசியின் கதை இன்னும் வருந்தத்தக்கது. சாவ் பவுலோ மாநில அரசின் புட்டான்டன் ஆய்வு நிலையம் சீன நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து தடுப்பூசி தயாரிக்க முன்வந்தது. அம்மாநில ஆளுநர் ஜோவாவ் டோரியா, தலைவரின் அரசியல் எதிரியாக மாறியிருந்தவர். 2020 அக்டோபர் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சர் 4 கோடியே 60 லட்சம் ஊசிமருந்துகளை வாங்குவதாக அறிவித்தார். மறுநாளே தலைவர் அதனை மறுத்துரைத்தார். முடிவில் 2021 ஜனவரியில் அதே மருந்தை அதே அளவில் வாங்கவே ஒப்பந்தமாயிற்று. நாட்டில் முதல் ஊசி ஜனவரி 17 அன்று சாவ் பவுலோவில் ஒரு செவிலியருக்கு இடப்பட்டது. தொடக்க மாதங்களில் பிரேசில் மக்களுள் பெரும்பாலோர் பெற்றதும் இம்மருந்தையே.

இனி மனாவ்ஸ் நகருக்கு வருவோம். இருபது லட்சம் மக்கள் வாழும் இந்நகர் அமேசான் காட்டின் நடுவில் உள்ளது. ஆற்று வழியும் வான்வழியுமே அதன் முக்கியப் போக்குவரத்து. 2020 டிசம்பர் இறுதியில் நோய் மீண்டும் பெருகவே, ஆளுநர் கடைகளை மூட ஆணையிட்டார். 26ஆம் நாள் மக்கள் தெருவில் திரண்டு எதிர்த்தனர். மறுநாள் ஆணை தளர்த்தப்பட்டது. மூன்று வாரங்கள் செல்லுமுன், ஜனவரி 14 அன்று, மருத்துவமனைகளில் பிராணவாயு தீர்ந்தது. நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். உறவினர் உருளைகளைச் சுமந்துகொண்டு நிரப்பும் நிலையங்களின் வாயிலில் வரிசையில் நின்றனர். அந்நகரின் பேராயர் லெயனார்டோ ஸ்டைனர் பிராணவாயு அனுப்பித் தருமாறு உருக்கமாக வேண்டிக்கொண்டார்.

உதவி எங்கிருந்து வந்தது? அண்டை நாடான வெனிசுவேலாவிலிருந்து வந்தது! அந்நாட்டின் ஆட்சியைப் பிரேசில் அரசு அங்கீகரிக்கவே இல்லை. அந்நாடும் வறுமையில் உழன்றுகொண்டிருந்தது. எனினும் அதன் லாரிகள் எல்லை கடந்து பிராணவாயுவைக் கொணர்ந்தன. எதிர்க்கட்சியினர் ஆண்ட வடகிழக்கு மாநிலங்களும், விமானத்தில் அனுப்பப்பட்ட நோயாளிகளைத் தம் மருத்துவமனைகளில் ஏற்றுக்கொண்டன.

இதனை வாசிக்கையில், எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனும் அவனைத் தூக்கியெடுத்த சமாரியனும் நம் நினைவுக்கு வாராதிரார். உதவி செய்தவரின் அரசியல் உள்நோக்கத்தை ஆராய்வோர் ஆராயட்டும். மூச்சுக்குத் தவித்தவருக்கோ அது மூச்சாக இருந்தது.

திருச்சபையின் சமூகப் போதனை இங்கு நமக்கு ஒளி தருகிறது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், சிறிய அமைப்புக்கள் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று கற்பித்தார். ஆகவே மாநிலங்கள் தாமே முடிவெடுத்தது தவறன்று. ஆயின் அப்போதனைக்கு மற்றொரு பக்கமும் உண்டு: சிறியது தன்னால் இயலாது தவிக்கும்போது பெரியது துணைநிற்க வேண்டும். மனாவ்ஸ் நகருக்கு வேண்டிய பிராணவாயுவை வேண்டிய நேரத்தில் சேர்ப்பது அத்தகைய துணையே. பிரேசில் ஆயர் பேரவை 2020 ஏப்ரலிலேயே வழக்கறிஞர், அறிவியலார், பத்திரிகையாளர் முதலியோரின் ஐந்து அமைப்புக்களுடன் இணைந்து, உயிரைக் காக்க அனைவரும் ஒன்றுபடுக என அழைப்பு விடுத்தது. அவ்வழைப்பு உரிய அளவில் கேட்கப்படவில்லை. 2023 மார்ச் மாதத்திற்குள் அந்நாட்டில் இறந்தோர் 7 லட்சத்தைத் தாண்டினர். அவர்கள் அனைவரும் அரசியலால் மாண்டவர் என்று நாம் சொல்லத் துணியோம். அவர்களுள் பலர் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதில் ஐயமில்லை.

அன்புமிக்க குடும்பத்தலைவர்களே, தாய்மார்களே! நம் பங்குகளிலும் பல கட்சியினர் உள்ளனர். ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி. அதனில் தவறில்லை. ஆனால் மருத்துவர் கூறும் அறிவுரையை, அதை நம் கட்சித் தலைவர் ஏற்றாரா மறுத்தாரா என்று பார்த்து எடைபோடும் வழக்கம் நம் இல்லங்களில் நுழையாதிருக்கட்டும். நாம் வாக்களித்துத் தேர்ந்தவர் தவறும்போது அதனைச் சுட்டிக்காட்டும் முதற்கடமை நமக்கே உரியது. எதிர்க்கட்சியினர் நன்று செய்யின் அதனை மனமார ஏற்பதும் நம் கடமையே. மற்றொரு கொள்ளைநோய் என்று வரும் என யாரறிவார்? அதுவரை காத்திராது, நம் தெருவில் தனித்து வாழும் முதியோர் யார், நோயுற்றோர் யார், அன்றாடக் கூலியை நம்பியிருப்போர் யார் என இன்றே அறிந்து வைப்போமாக. அந்நாள் வருமாயின், அவர்கள் வாசற்படியில் நாம் நிற்கும்போது, அவர்களுடைய கட்சியையோ சாதியையோ சமயத்தையோ கேளாதிருக்கும் நல்மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.